பெட்டி, அஞ்சு, வர

போன் மூடியோட நாலு ஸ்க்ரூவையும் கழட்டி பாய் மேல வரிசையா வச்சிட்டு இருதயராஜ் திரும்பிப் பாத்தா மூணுதான் இருந்துச்சு. இந்தா இப்பத்தானே வச்சேன், எங்க போச்சு, கோரைக்குள்ள பூந்துருச்சா, முட்டிக்கு அடியில கெடக்கா, எந்திரிச்சுப் பாத்தான், லுங்கிய ஒதறிப் பாத்தான், இல்ல. போகட்டும், மூணு ஸ்க்ரூல நிக்காத போனா, ஆனா ஒண்ணு காணாமப் போனா அன்னிக்கிப் பூரா ஒண்ணு பின்னாடி ஒண்ணா காணாமப் போகும்னு சலேத் சொல்லுவா, வண்டிச் சாவி தொலைஞ்ச அன்னிக்கே பாலும் திரிஞ்சுச்சு, கரண்டும் போச்சு, அந்த மாதிரி. சலேத்து. பாத்தியா, ஸ்க்ரூவத் தேடப் போனாலும் பொண்டாட்டிகிட்டதான் வந்து நிக்குது. மணி ஒண்ணே முக்கால். ஒன்றரைக்கு போன் அடிச்சுது. இந்தக் கையாலதான் எடுத்தான், இந்தக் காதுலதான் வச்சான். "நான்தாங்க"ன்னு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு சத்தம், பத்து நாள் கழிச்சு வந்த சத்தம், அதுக்குள்ள கரகரகரன்னு அப்பளம் பொரியுது, நடுவுல "பெட்டி"ன்னு ஒரு வார்த்த, மறுபடி அப்பளம், "அஞ்சு மணி"ன்னு ஒண்ணு, மறுபடி அப்பளம், கடைசில "வர..." அம்புட்டுதான். வரன்னா என்னா? அந்த வர-வுக்குப் பின்னாடி ஒரு வாலு இருந்துச்சு, அது நிச்சயம், அந்த வால ஸ்பீக்கரு முழுங்கிருச்சு. வரேனா, வரலயா? ரெண்டும் ஜங்ஷன் வரைக்கும் ஒரே தண்டவாளத்துல போயிட்டு கடைசில ஆளுக்கொரு ஊருக்குத் திரும்புற வண்டி மாதிரி. அப்ப இவன் என்ன பண்ணியிருக்கணும்? என்ன சொன்னன்னு கேட்டிருக்கணும். கேட்டானா? "சரி, சரி"ன்னான். ரெண்டு தடவ. டொக்குன்னு லைன் போயிருச்சு.

இந்த சரிதான் வெனயே. இருதயராஜ் மைக் செட்டுக்காரன், பாலக்கரைல அந்தக் காம்பவுண்டுக்குள்ள ஆறு வீட்டுல கடைசி வீடு, வாசல்ல நாலு கூம்புக் கொழாய் கவுந்து கெடக்கும், உள்ள ஆம்ப்ளிபயரும் ஒயரும், அதுக்கு நடுவுல ஒரு குடும்பம். கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா, எதுவானாலும் இவன் கொழாய் கட்டினா மூணு மைல் தள்ளி ஆடு மேய்க்கிறவனுக்கும் பூச கேக்கும்னு பேரு. ஆனா வேல பாக்குறப்ப பக்கத்துல இருந்து யாராச்சும் பேசினா, வாயி தானா "சரி"ன்னு சொல்லிரும், காதுக்கும் மூளைக்கும் தெரியாம. சலேத் அன்னிக்கி வந்து நின்னு சொன்னாளாம், "ஏங்க, வர்ற வெள்ளிக்கெழம அம்மாவுக்கு கண்ணு ஆபரேசன், அண்ணன் லோடு ஏத்திட்டு பெங்களூரு போகுது, நீங்கதான் கூட இருக்கணும்"னு. இவன் சரின்னானாம். "காதுல விழுதா?"ன்னாளாம். "அதான் சரின்னேன்ல"ன்னானாம். எல்லாமே சொன்னாளாம், சொன்னானாம்தான், இவனுக்கு ஒரு எழுத்து ஞாபகம் இல்ல, அந்த ஆம்ப்ளிபயர்ல எந்த டிரான்சிஸ்டர் போயிருந்துச்சுன்னு மட்டும் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. முந்துன நாளே திண்டுக்கல்லுக்குப் போயிட்டவ வெள்ளிக்கெழம காலைல ஆஸ்பத்திரி வாசலையே பாத்துக்கிட்டு நின்னிருக்கா, இவன் அங்க எங்கயோ ஒரு கிராமத்துல பனைமரத்து மேல தொத்திக்கிட்டு கொழாய் கட்டி, கீழ எறங்கி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்"னு கத்திக்கிட்டு இருந்தான். ஊரு பூரா கேட்டுச்சு. ஒத்தக் கண்ணுல கட்டோட மாமியா "மாப்ள வரலியாடி"ன்னு கேட்டிருக்கு. ஞாயித்துக்கெழம திரும்பி வந்தவ செருப்பக் கூடக் கழட்டல. "சரின்னு சொன்னீங்களே." "எப்பச் சொன்னேன்?" அங்கதான் செத்தான். சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல, கத்தியிருக்கலாம், தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கலாம், அவ பாட்டுக்கு உக்காந்து ஒரு செம்பு தண்ணியக் குடிச்சிட்டு, "பேருல மட்டும் இருதயம்"னா, மெதுவா, யாருகிட்டயோ சொல்ற மாதிரி. அப்புறம் துணிய எடுத்து ஒரு கட்டப்பைல வச்சா. அம்மாவுக்கு சொட்டு மருந்து விடணும், ஒரு வாரம் ஆகும்னா. வாசப்படில நின்னு "போறேன்"னா. போயிட்டு வரேன்னு சொல்லல. போறேன்னா. எழவு வீட்டுலதான் அப்படிச் சொல்லுவாங்க, சொல்லிக்காமக் கூட போயிருவாங்க, ஆனா சொந்த வீட்டுல இருந்து போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? இவன் அதுக்கும் சரின்னான்.

ஒரு வாரம் பத்து நாளாச்சு. போயி ஒரு பூத்துல நின்னு திரும்பக் கூப்புட வேண்டியதுதானே, அதுல என்ன கஷ்டம்? மாமியா வீட்டுல போன் கெடையாது, எதுத்த மளிகக் கடை நம்பர் இருக்கு, அங்க போட்டா அந்தாளு "இருங்க, கூப்புட்டு விடுறேன்"னு கத்துவாரு, சலேத் வருவா, ஈரக் கைய பொடவைல தொடச்சிக்கிட்டு போன வாங்குவா, இவன் என்னன்னு கேப்பான்? "மத்தியானம் நீ என்னமோ சொன்னியே, என்ன சொன்ன?" அட ஆண்டவரே. எதுக்கு அவ வீட்ட விட்டுப் போனாளோ அதையே போன் போட்டு திரும்பப் பண்ணிக் காட்டுறதா? அதுக்கு பேசாம இவனே அந்தக் கூம்புக் கொழாய திண்டுக்கல் பக்கமாத் திருப்பி வச்சு நான் ஒரு செவிடன்னு கத்திரலாம். வேணாம். அவ மறுபடி கூப்புடுவா. ஏதாச்சும் சொல்ல விட்டுப்போயிருக்கும், பொம்பளைங்களுக்கு போன வச்சதுக்கு அப்புறந்தான் ஞாபகம் வரும், கூப்புடுவா, அதுக்குள்ள இந்த ஸ்பீக்கரு பேசணும். இதையும் அவ சொல்லியிருந்தா, அதுதான் கொடும, போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, "போன்ல எதுத்தாப்ல பேசுறவங்க சத்தமே கேக்கல, என்னான்னு பாருங்க, ஊருக்கெல்லாம் பாக்குறீங்கல்ல"ன்னு. சொன்னது ஞாபகம் இருக்கு. இவன் சொன்னதும் ஞாபகம் இருக்கு. அத எழுதவே வேணாம்.

மூடியப் பிரிச்சா உள்ள ஒரே வேர்வை உப்பு. கன்னத்துல வச்சிப் பேசிப் பேசி, அந்த ஓட்டை வழியா மூணு வருசத்து பவுடரு, எண்ணெ, சமையக்கட்டு ஆவி எல்லாம் எறங்கி உள்ள ஒரு பழுப்பு மாவா ஒட்டியிருந்துச்சு. சலேத் கன்னத்துப் பவுடரு. இந்தப் போனு சலேத் அண்ணன் செபஸ்தி மச்சான் சிங்கப்பூர்ல வேல பாத்தப்ப கொண்டாந்து கல்யாணத்துக்குக் குடுத்தது, "எந்தங்கச்சி பேசிக்கிட்டே வீடு பூரா நடக்கட்டும் மாப்ள"ன்னு மேடைல வச்சு சொன்னாரு, வீடுன்னா ஒன்றரை ரூமு, நடந்தா ஏழாவது எட்டுல செவுத்துல முட்டிக்கணும், ஆனா அவ நடப்பா, ஒயரு இல்லாத போனக் காதுல வச்சிக்கிட்டு, கொழம்பக் கிண்டிக்கிட்டு, துணிய மடிச்சிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு. இவன்கிட்ட பேசாததெல்லாம் அந்தப் போன்ல பேசுனா. சரி சரி, வேலயப் பாரு. ஸ்பீக்கரு ரெண்டு ரூபாக் காசு அளவு இருக்கு, பின்னாடி ரெண்டு ஒயரு, செவப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு. கொழாய்க்கும் இதுக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்ல, அதே காந்தம், அதே சுருள், அதே சவ்வு, அது ஊருக்கு, இது ஒரு காதுக்கு. ரெண்டு ஒயரையும் போர்டுல இருந்து எடுத்துட்டு, ஒரு பென்சில் பேட்டரிய எடுத்து அந்த ரெண்டு முனையிலயும் தொட்டான். டிக். ஸ்பீக்கரு ஒரு டிக் சொல்லுச்சு. உசுரு இருக்கு! மறுபடி தொட்டான். ஒண்ணும் இல்ல. மறுபடி. ஒண்ணும் இல்ல. மறுபடி, டிக். இதுதான் இருக்குறதுலயே மோசமான வியாதி. செத்துப்போன சாமான மாத்திரலாம், நல்லா இருக்குற சாமான விட்டுரலாம், ஒரு தடவ பேசி ஒரு தடவ பேசாம இருக்குறத என்ன பண்றது. உத்துப் பாத்தான். உள்ள சுருள்ல இருந்து வெளிய வர்ற கம்பி, தலமுடியில பாதி கனம்கூட இருக்காது, சவ்வோட ஓரத்துல அறுந்து, அறுந்த முனையும் முனையும் ஒண்ண ஒண்ணு தொட்டும் தொடாம நிக்குது. அதிர்ந்தா சேரும், அதிர்ந்தா பிரியும். அப்ப அவ பேசுனதுல எந்த எழுத்து உள்ள வந்துச்சு எந்த எழுத்து வெளிய நின்னுச்சுங்கிறது அந்த முடி நெனச்சபடி. பெட்டிய உள்ள விட்டுச்சு. அஞ்ச விட்டுச்சு. வர-வ விட்டுச்சு. பேசுற பக்கம் மைக்கு மட்டும் கண்ணாடி மாதிரி நல்லாருக்கு, அதுக்கு ஒண்ணும் இல்ல, இவன் சொன்ன சரி, சரி ரெண்டும் கோயில் மணி மாதிரி அங்க போய்ச் சேந்துருக்கும்.

பெட்டின்னா எந்தப் பெட்டி? அவ எடுத்துட்டுப் போனது கட்டப்பை. பெட்டி இங்கதான் இருக்கு, இந்தா, பரண் மேல, கல்யாணத்துக்கு வாங்கின பச்சக் கலர் பெட்டி, அதுக்குள்ள பட்டுப் பொடவ, கல்யாண ஆல்பம், பாங்க் பாஸ்புக்கு, அவ படிச்ச சர்ட்டிபிகேட்டு எல்லாம். அப்ப வாக்கியத்த ஒட்ட வச்சுப் பாரு. "பெட்டி எடுக்க அண்ணன அனுப்புறேன், அஞ்சு மணிக்கு வரும்." சேருதா? சேருது. நல்லா சேருது, ஈயம் வச்ச மாதிரி சேருது. "பெட்டியெல்லாம் அங்கயே கெடக்கட்டும், அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் வரல." அதுவும் சேருது. "பெட்டியோட அஞ்சு மணிக்கு வரேன்." அதுவும் சேரும், ஆனா பெட்டி இங்க இருக்குறப்ப அவ எந்தப் பெட்டியோட வருவா, பாத்தியா, அதான் சேர மாட்டேங்குது. அப்புறம் இன்னொண்ணு இருக்கு, அத நெனைக்கவே கூடாதுன்னு ஒன்றரை மணில இருந்து தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டு இருக்கான். அவ வரேன்னே சொல்லியிருந்தாலும், அது வர்றதுக்கான வரேனா, இல்ல விட்டுப் போறவங்க சொல்ற வரேனா? நம்ம ஆளுங்க போறதுக்கும் வரேன்னுதான் சொல்லுறோம், வர்றதுக்கும் வரேன்னுதான் சொல்லுறோம், என்ன பாஷடா இது. அன்னிக்கி வாசப்படில சொல்லாத வரேன இன்னிக்கி போன்ல சொல்லி முடிச்சிட்டாளோ? செபஸ்தி மச்சான் வந்தா என்ன சொல்லுவாரு? அவரு லாரிக்காரரு, ஆறடி, பேசுறதுக்கு முன்னாடி ஒரு தடவ தொண்டையச் செருமுவாரு, அதுலயே பாதி நாயம் முடிஞ்சிரும். "மாப்ள, அந்தப் பெட்டிய எறக்குங்க." அவ்வளவுதான் சொல்லுவாரு. இவன் ஸ்டூலப் போட்டு ஏறி எறக்கணும். எறக்கிக் குடுத்துட்டு... சரிம்பான். அதுதானே தெரியும் இவனுக்கு.

"இருதயம்! ஏ இருதயம்! தண்ணி வந்துருச்சு!" எதுத்த வீட்டு புனிதாக்கா குரலு, அதுக்கு ஸ்பீக்கரே வேணாம். காம்பவுண்டுல நாலு மணிக்கு கார்ப்பரேசன் தண்ணி வரும், ஆளுக்கு ஒரு கொழாய், வாசலோரம். அப்ப நாலாயிருச்சா? நாலு! ரெண்டே கால் மணி நேரமா இந்த முடிக் கம்பியப் புடிச்சு ஊசி முனையால ஒட்ட வைக்கப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான், தொடுறப்பல்லாம் இன்னும் கொஞ்சம் உள்ள அறுந்து போயிருக்கு, இப்ப டிக்குகூட இல்ல. வெளிய வந்து கொடத்த வச்சுக் கொழாயத் தொறந்தான். புனிதாக்கா இடுப்புல ஒரு கொடம் கையில ஒரு வாளியோட நின்னுக்கிட்டு இவன மேலயும் கீழயும் பாத்துச்சு. "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? சோறு தின்னியா?" "தின்னேங்க்கா." "பொய் சொல்லாத, அடுப்பு சத்தமே கேக்கல. மத்தியானம் போன் அடிச்சுச்சே, சலேத்துதானே?" "ஆமாக்கா." "என்ன சொல்லுச்சு?" "வர..." "வர?" "வர... அதான்க்கா, வர..." "என்னடா, வருதா வரலியா, திக்குவாயி மாதிரி நிக்கிற?" "அஞ்சு மணின்னு சொன்னா." "அப்ப வருதுன்னு சொல்லு! வரட்டும், வரட்டும். எம்புட்டு நாளைக்கி இந்தக் காம்பவுண்டு களையில்லாம கெடக்கும். ஆனா ஒண்ணு சொல்லுறேன் கேளு, மூஞ்சத் தூக்கிட்டுப் போன பொம்பள தானா நடந்து வந்து கதவத் தட்டணும்னு ஒக்காந்திருக்காத. நீ போயி கூப்புட்டா கொறஞ்சா போயிருவ? அதும் கையில சாமான் கீமான் இருக்கும்." அந்த நேரத்துல இவன் மண்டைக்குள்ள ஒரு வெளிச்சம், ஹெட்போன்! சலேத்தோட வாக்மேன் ஹெட்போன்! அதுல ரெண்டு ஸ்பீக்கரு இருக்கு, இதே அளவு, இதே ரகம், ஒண்ண எடுத்தா போதும்! "கொடம் நெறஞ்சா கொழாய மூடிரு, போன தடவ மாதிரி உட்டுறாத, காம்பவுண்டே கொளமாயிரும், கேக்குதா?" "சரிக்கா"ன்னுட்டு உள்ள ஓடுனான்.

ஹெட்போன் தலகாணி ஒறைக்குள்ள இருந்துச்சு. அவ அத அங்கதான் வைப்பா. இவன் ராத்திரில எல்லாம் ஒக்காந்து ஈயம் ஊத்துறப்ப அவ பாயில படுத்து அத மாட்டிக்கிட்டு கண்ண மூடிக்குவா, என்ன கேக்குறன்னு ஒரு தடவ கேட்டான், "நீங்க பேசாதத"ன்னா, இவன் சிரிச்சான், நல்ல ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சான், இப்ப அந்தப் பஞ்சு உறையத் தொடுறப்பதான் அது ஜோக்கு இல்லன்னு தெரியுது. அதுல அவ தலமுடி ஒண்ணு சிக்கியிருந்துச்சு, நீளமா. அத எடுத்து எங்க வைக்கிறதுன்னு தெரியல, தூக்கிப் போட மனசு வரல, சட்டப் பைக்குள்ள போட்டுக்கிட்டான். இடது பக்கத்த வெட்டுறதா வலது பக்கத்த வெட்டுறதா? அவ எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பா? மூணு வருசமா பக்கத்துல படுத்தவனுக்கு அது தெரிய வேணாமா? செவுத்துப் பக்கம். செவுத்துப் பக்கம்னா இடது காது கீழ, வலது காது மேல. அப்ப கீழ அமுங்குற இடது. அவ வந்து பாத்து, "ஏன் வெட்டுனீங்க"ன்னு கேட்டா? கேக்கட்டும், வந்து கேக்கட்டும், வந்தாதானே கேக்க முடியும்! கட்டிங் பிளேயர எடுத்து நறுக்குன்னு வெட்டிட்டான். வெட்டுனதுக்கு அப்புறந்தான் ஒறைச்சுது. ஒரு வேள வந்தா அது வேற, வராமப் போனா இது அவளோட சாமான், பெட்டியோட சேத்து இதையும் கேப்பாங்களே, "தங்கச்சி ஹெட்போன் எங்க மாப்ள?" "வெட்டிட்டேன் மச்சான்." அய்யய்யோ. சால்டரிங் அயன் சூடாக மாட்டேங்குது, கரண்டு கம்மி, சாயந்தரமானா இந்தத் தெருவுல கரண்டு கம்மி, ஒயரு மேல இருக்குற அரக்கு மாதிரி பூச்ச பிளேடால சொரண்டணும், சொரண்டுனா ஒயரே அறுந்து போவுது, மறுபடி, மெதுவா, மெதுவா, மூச்ச நிறுத்து. வாசல்ல எங்கயோ தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, யாரு வீட்டுலயோ. மணி நாலே முக்கால். லாரி காம்பவுண்டு சந்துக்குள்ள வராது, அவரு முனையில நிறுத்திட்டு நடந்து வருவாரு. நடந்து வர்ற செருப்புச் சத்தம் எப்படி இருக்கும்? அஞ்சு. சரியா அஞ்சு மணிக்கு கோயில் கடிகாரம் அடிக்குது, அடிச்சு முடிக்கிறதுக்குள்ள காம்பவுண்டு கேட்டு வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. கையில சூடா அயன், வாயில ஈயக்கம்பி, அப்படியே சிலையா ஒக்காந்துட்டான். ஆட்டோ கதவு இல்லாத வண்டி, ஆனா இவனுக்கு கதவு தொறக்குற சத்தம் கேட்டுச்சு. ஒரு செருமல். அய்யோ செருமல். "ஏம்ப்பா, ஜோசியர் வீடு இதானா?" அடுத்த காம்பவுண்டுங்கன்னு புனிதாக்கா கத்துச்சு. ஆட்டோ போயிருச்சு. அயன் முனை பாயில பட்டு கருகுன நாத்தம் வந்தப்பதான் மூச்சே விட்டான்.

அஞ்சு தாண்டிருச்சு. யாரும் வரல. அப்ப செபஸ்தி மச்சான் வர்ற வாக்கியம் தப்பு. அவ வர்ற வாக்கியமும் தப்பு. மிச்சம் என்ன இருக்கு? மிச்சம் இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அதோட வாலு ல-வுல முடியுது. அஞ்சே காலுக்கு செவப்பு ஒயர வச்சான், அஞ்சு இருவதுக்கு கருப்ப வச்சான், ஊதி ஆத்துனான், பேட்டரியத் தொட்டான், டிக், தொட்டான், டிக், தொட்டான், டிக், பத்து தடவ தொட்டா பத்து தடவ டிக், அழுவையே வந்துருச்சு, கோந்த வச்சு ஒட்டி, மூடியப் போட்டு, மூணு ஸ்க்ரூவ முடுக்கி, பட்டனத் தட்டி காதுல வச்சா டொய்ங்ங்ங்னு டயல் டோனு, அடேயப்பா, புதுப் போன்லகூட அப்படிக் கேக்காது, மண்டைக்குள்ள இருந்தே வர்ற மாதிரி. சந்தோசமா இருந்துச்சா? அஞ்சு நொடி இருந்துச்சு. அப்புறம் அந்த டொய்ங் போயிக்கிட்டே இருந்துச்சு, போயிக்கிட்டே, அதுக்குள்ள யாருமே இல்ல. இவ்வளவு தெளிவா ஒண்ணுமில்லாததக் கேக்கவா நாலு மணி நேரம் ஒக்காந்தான்? வச்சான். வச்ச கை எடுக்கல, அடிச்சிருச்சு.

"இன்னும் கெளம்பலியா?"

சலேத். அப்பளம் இல்ல, கெணறு இல்ல, பக்கத்துல ஒக்காந்து கேக்குற மாதிரி சலேத். அவளுக்குப் பின்னாடி ஒரு கண்டக்டரு கரூர் கரூர்னு கத்துறாரு, யாரோ பூ விக்கிறாங்க, ஒரு பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்குது, எல்லாம் கேக்குது. "எங்க... எங்க இருக்க?" "எங்கன்னு கேக்குறீங்களா? நம்மூரு பஸ் ஸ்டாண்டுலதாங்க. அஞ்சு மணில இருந்து நிக்கிறேன். பெட்டி கனமா இருக்கு, அம்மா புதுசா ஒரு பெட்டி வாங்கி அதுல பாதி வீட்டையே வச்சு அனுப்பிருச்சு, அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரீங்களான்னு கேட்டேன்ல, சரி சரின்னீங்கல்ல, அதான் ஆட்டோகூடப் புடிக்காம நிக்கிறேன்." வரீங்களா. வர-வோட வாலு அது. வரீங்களா! மத்தியானத்துல இருந்து அவ வருவாளா, வர மாட்டாளா, அவ அண்ணன் வருவாரான்னு ஊர்ல உள்ள எல்லாரையும் வர வச்சுப் பாத்தான், அவ இவனத்தான் கேட்டிருப்பான்னு ஒரு நொடிகூடத் தோணல. கேள்விடா, அது கேள்வி, பதிலுக்காக நின்னுக்கிட்டு இருந்த கேள்வி, அதுக்குத்தான் இவன் சரின்னுருக்கான். நாக்கு நுனில பொய்யி ரெடியா வந்து நின்னுச்சு, வண்டி பஞ்சர்னு சொல்லிரு, ரோட்டுல மறியல்னு சொல்லிரு, நம்புவா, நல்லா நம்புவா. "சலேத்து." "ம்." "மத்தியானம் நீ சொன்னது எனக்குக் கேக்கல. ஸ்பீக்கரு போயிருந்துச்சு. கேக்காமயே சரின்னுட்டேன்." அந்தப் பக்கம் பேச்சு இல்ல. இதுக்கு முன்னாடின்னா ஸ்பீக்கர் மேல பழி போட்டிருக்கலாம், இப்ப முடியாது, இப்ப சும்மா இருக்குறதும் சுத்தமா கேக்குது, அவ மூச்சு விடுறது கேக்குது. கண்ணு ஆபரேசன் அன்னிக்கி வாசலப் பாத்து நின்னப்பவும் இப்படித்தான் மூச்சு விட்டிருப்பா. காசு போன்ல ஒரு ரூபா முடியப் போகுதுன்னு டுக் டுக்னு அடிக்க ஆரம்பிச்சுச்சு. அவ்வளவுதான், வச்சிருவா, வச்சிட்டு அதே பெட்டியோட திண்டுக்கல் பஸ்ஸுல ஏறுவா, ஏறுனா யாரு கேக்க முடியும். டுக் டுக். டுக் டுக். கிளிங்க். இன்னொரு ரூபாயப் போட்டிருந்தா.

"இப்பக் கேக்குதா?" "கேக்குது." "நல்லாக் கேக்குதா?" "நல்லாக் கேக்குது. பின்னாடி ஒருத்தர் கரூர் கரூர்ங்கிறாரு, அதுகூடக் கேக்குது." மூக்கால சிரிச்ச மாதிரி ஒரு சத்தம், சிரிப்பா அழுகையான்னு ஸ்பீக்கரு சொல்லல, அது ஸ்பீக்கரு வேல இல்ல. "அப்ப வாங்க." "வரேன்"னான் இருதயராஜ். மத்தியானம் பூரா அவ வாயில இருந்து எதத் தேடுனானோ அந்த வார்த்த இவன் வாயில இருந்து வந்துச்சு, வாலோட, முழுசா. சாவிய எடுத்தான், லுங்கிய அவுத்து பேண்ட்ட மாட்டுனான், ஒரு கால்ல மாட்டிக்கிட்டே வாசல் தாண்டுனான், போன் இன்னும் காதுலதான் இருக்கு, வைக்கணும்னே தோணல, சளக் சளக்னு எதுலயோ மிதிக்கிறான், காம்பவுண்டு கேட்டுப் பக்கம் நிக்கிற வண்டி வரைக்கும் போயிட்டான், அங்க போன ஒடனே மறுபடி அப்பளம், கரகர, வீட்டுல ஒயரோட இருக்குற போன் ஸ்டாண்டுக்கும் கைல இருக்குற போனுக்கும் அவ்வளவு தூரம் எட்டாது, அவ என்னமோ சொல்றா, "...கொ... ட்டு வாங்..." இவன் வாயி அதும்பாட்டுக்குத் தொறந்துச்சு. ச-ன்னு ஆரம்பிக்கக்கூட ஆரம்பிச்சிருச்சு. முழுங்குனான். நின்னான். திரும்பி வீட்டப் பாத்து நாலு எட்டு நடந்து வந்தான், கரகர அடங்குச்சு. "என்ன சொன்ன? கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

"கொழாய மூடிட்டு வாங்கன்னேன். தண்ணி கொட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

குனிஞ்சு பாத்தா காலடியில கணுக்கால் வரைக்கும் தண்ணி, கொடம் வழிஞ்சு, வாசல் வழிஞ்சு, காம்பவுண்டு பூரா மின்னிக்கிட்டு கெடக்கு, புனிதாக்கா இடுப்புல கைய வச்சு அந்தக் கோடியில நின்னு, "ஊருக்கெல்லாம் கொழாய் கட்டுறான், வீட்டுக் கொழாய மூடத் தெரியல பாரு"ன்னு யாருகிட்டயோ சொல்லிக்கிட்டு இருக்கு. இருதயராஜ் போனக் காதுல வச்சபடியே போயி கொழாயத் திருகுனான். தண்ணிச் சத்தம் நின்னுச்சு. "மூடிட்டேன்"னான். "கேட்டுச்சு"ன்னா சலேத்.